வாசலில் வந்து படுத்த தடம்

ஓணாங்கரட்டுப் பூங்காவின் சைக்கிள் தடம் கரட்டை விட்டு இறங்கி ஊருக்குள் வந்தது ஒரு சந்தை நாளில், பொழுது சாயும் வேளையில், தக்காளிக்காரர்கள் மிச்சம் மீதியைக் கூறு கட்டிக் கூவிக்கொண்டிருந்தபோது. அதனால் அது வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சந்தை நாளென்றால் காரைப்பாளையத்துக்கு வராதது எது, ஆடு வரும், கோழி வரும், மூட்டுவலித் தைலம் விற்கிறவன் ஒலிபெருக்கியோடு வருவான், அதுகளோடு ஒன்றாக இதுவும் வந்தது. ஒரு பாய் அகலத்துக்குச் செம்மண், நடுவில் சக்கரங்கள் ஓடி ஓடிக் குழிந்த கோடு, இரண்டு ஓரத்திலும் காய்ந்த கோரைப்புல், அங்கங்கே கல், அங்கங்கே ஊஞ்ச மரத்து வேர், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, வாய்க்காலில் முதல் தண்ணீர் வருகிற மாதிரி, முன்னால் என்ன இருக்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தைக் கடந்து, வங்கி வாசலைக் கடந்து, தெற்கு வீதிக்குள் திரும்பியது. டவுன் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, அது போகட்டும் என்று காத்திருந்தார். ஆட்டுமந்தை குறுக்கே வந்தால் நிறுத்துவதில்லையா, அப்படித்தான்.

தெற்கு வீதியின் கடைசியில் கோகிலவாணியின் மாவு மில், அதன் பின்கட்டில் அவள் வீடு. ராகி அரைத்து முடித்து மோட்டாரை நிறுத்தியவள், தார் ரோட்டில் கல் உருளும் சத்தம் கேட்டுப் புருவத்தில் மாவோடு வெளியே வந்தாள். தடம் அவள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. நின்று, ஒரு பெருமூச்சு மாதிரி கொஞ்சம் புழுதியைக் கிளப்பி, அப்படியே படுத்துக்கொண்டது. கோகிலவாணி அந்தத் தடத்தை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்த மண் அவளுக்குத் தெரியும், நன்றாகவே தெரியும், கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புருஷனுடைய கால்சட்டையிலிருந்து அவள் அடித்துத் துவைத்த மண் அதுதான், எந்த சோப்புக்கும் அசையாத மண். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எந்த மூஞ்சியோடு இங்கே வந்தாய் என்று கேட்பவளைப்போல அதையே முறைத்துவிட்டு, கேட்டைப் படீரென்று சாத்தினாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் தெய்வசிகாமணி, நூல் மில்லில் எலக்ட்ரீசியன், சாது மனுஷன், வீட்டில் கரண்டி விழுந்தால்கூட எடுத்துவைத்துவிட்டுத்தான் பேசுவார். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு பைத்தியம், அது மலையில் ஓட்டுகிற தடித்த டயர் சைக்கிள். சைக்கிள் கடை ஜாபரும் அவரும் ஞாயிறு ஞாயிறாகக் கடப்பாரையும் மண்வெட்டியும் தூக்கிக்கொண்டு போய் ஓணாங்கரட்டில் அந்தத் தடத்தை வெட்டினார்கள். கரடு என்றால் மலையென்றும் சொல்ல முடியாது, மேடென்று சொன்னால் அதற்குக் கோபம் வரும், அப்படி ஓர் உயரம். அடிவாரத்தில் ஊஞ்சலும் சறுக்கலும் வைத்த பூங்கா, அதற்கு மேலே இவர்கள் தடம். தடத்தில் வருகிற தடங்கலுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள், ஏறினால் மூச்சு வாங்கவைக்கிற மாமியார் மேடு, படிபடியாகக் கல் துருத்திய பல்லுடைச்சான் இறக்கம், அதைத் தாண்டினால் வட்டப்பாறை. மழை பெய்த அன்றைக்கு மட்டும் தெய்வசிகாமணி ஓட்டமாட்டார், ஓட்ட வருகிறவர்களையும் விடமாட்டார், பூங்கா வாசலில் நின்றுகொண்டு, ஈர மண்ணில் சக்கரம் விட்டால் பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் ஓடும், அப்புறம் கரடே கரைந்து கீழே வந்துவிடும் என்று கையைக் கூப்பித் திருப்பி அனுப்புவார்.

கேட்டவர்கள் கேட்டார்கள். கேட்காதவர்கள், கார் மேலே சைக்கிளைக் கட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து லீவு நாளுக்கு வந்தவர்கள், ஈரத்திலும் ஓட்டினார்கள், கல்லைத் தாண்டப் பயந்து ஓரத்தில் புதுத் தடம் போட்டார்கள், காலையில் நடக்க வருகிறவர்கள் மேல் மோதப் பார்த்தார்கள். கரைந்த மண் ஒவ்வொரு மழைக்கும் கரட்டடிக் காலனி வீடுகளின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. பூங்காக் கமிட்டித் தலைவி விசாலம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி சைக்கிளே வேண்டாம், விடிந்ததும் தடத்தைப் பாறாங்கல்லும் முள்ளும் போட்டு அடைத்துவிடுவது என்று முடிவு கட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் தூறல் போட்டது. தூறலோடு தூறலாகத் தெய்வசிகாமணி, ஒரு நாளும் ஈரத்தில் ஓட்டாதவர், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். வந்து சைக்கிளைக் கழுவி நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார். கோகிலவாணி கொண்டுவந்து வைத்த காபி ஆறுவதற்குள் போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். கரட்டின்மேல் ஏறி இறங்கியதால்தான் என்று அவளாகவே தீர்மானித்துக்கொண்டு, அன்றிலிருந்து அந்தத் திசையைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டிருந்தாள்.

ஊர்க்காரர்களுக்கு வேறு கவலை. எங்கள் பக்கத்தில் தடம் என்பது லேசுப்பட்ட சமாச்சாரமல்ல. பக்கத்துக் காட்டுக்காரன் வரப்போரம் நடக்க விட்டோமென்றால் நாளைக்கு அது அவனுக்குப் பாத்தியமாகிவிடும், அப்புறம் வண்டி விடுவான், அப்புறம் டிராக்டர் விடுவான், கேட்டால் கோர்ட்டுக்கு வா என்பான். கோகிலவாணிக்கு எதிர்வீட்டு ராக்கியப்பன், தடத்துக்காகக் கூடப்பிறந்த தம்பி மேலேயே கேஸ் போட்டு, தம்பி மகள் கல்யாணச் சாப்பாட்டைக்கூட வேண்டாமென்றவர். கரட்டுத் தடம் தன் வாசலுக்கு முன்னாலும் ஒரு கை அகலம் படுத்திருப்பதைப் பார்த்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே வீதிக்காரர்களைக் கூட்டிவைத்து, இது சும்மா வரவில்லை, இடம் பிடிக்க வந்திருக்கிறது என்று விளக்கி, ஒரு சட்டம் போட்டார்.

"குறுக்க தாண்டிக்குங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல. நெடுக மட்டும் ஒருத்தரும் நடந்துராதீங்க. நடந்தா பாத்தியமாயிரும், அப்பறம் ஆண்டவனே வந்தாலும் மறிக்க முடியாது."

ஊர் அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டது. குறுக்கே தாண்டு, நெடுக நடக்காதே என்று பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும்போதே சொல்லிக்கொடுத்தார்கள். கல்யாண ஊர்வலம் வந்தால் மேளக்காரர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிக் குதித்து, அந்தப் பக்கம் போய் மறுபடி தாளம் பிடித்தார்கள். கோலம் போடுகிறவர்கள் தடத்தின் ஓரம்வரை புள்ளி வைத்து, மிச்சத்தை அந்தப் பக்கம் தொடர்ந்தார்கள். மாமியார் மேடு லேடீஸ் டெய்லர் கடைக்கு முன்னால் அமைந்துவிட்டது, ரவிக்கை வாங்க வந்த நிஜ மாமியார்கள் அதன்மேல் உட்கார்ந்து மருமகள்களைப் பற்றிப் பேசினார்கள். பல்லுடைச்சான் பல் ஆஸ்பத்திரிக்கு எதிரில் வந்து நின்றது, அது தற்செயல்தான் என்று டாக்டர் எல்லாரிடமும் சொல்லவேண்டியிருந்தது. தண்ணீர் லாரி வந்தால் தடம் தானாகவே கொஞ்சம் ஒடுங்கி வழி கொடுக்கும். மரியாதை தெரிந்த தடம் என்று பேர் வாங்கியது. ஆயுத பூஜைக்குக்கூட யாரோ அதன் ஓரத்தில் அகல் வைத்தார்கள் என்றால் பாருங்கள். ஆனால் அதன்மேல் நெடுக ஒரு குஞ்சு குருமான்கூட நடக்கவில்லை.

கோகிலவாணி நாலைந்து நாள் வீம்பாக இருந்தாள். அப்புறம் ஒரு காலையில், மில் வாசலைக் கூட்டும்போது, விளக்குமாறு தடத்தின் தலைமாட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மண்ணில் டயர் அச்சு. கட்டம் கட்டமாக, செங்கல்லில் பதித்த மாதிரி காய்ந்து இறுகிய அச்சு. அதையொட்டி இடது பக்கத்தில் ஒரு செருப்புக்கால், வெளிக்குதி தேய்ந்த கால். அப்படித் தேய்த்து நடக்கிற ஆள் என்று உலகத்தில் ஒருத்தரைத்தான் அவளுக்குத் தெரியும், எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் நேராக ஊன்றி நட என்று. தூறலில் அவர் ஓட்டிய அந்தக் கடைசிச் சுற்று. மறுநாள் அடைத்தது அடைத்ததுதான், அதற்குப் பிறகு ஒரு சக்கரமும் ஏறவில்லை, ஒரு மழையும் பெய்யவில்லை. அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அந்தக் காலடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஆசைதான் வந்தது, அந்தக் காலைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று அப்படியோர் ஆசை. தொட்டால் உதிர்ந்துவிடுமோ என்று பயந்து, கையை அதன்மேல் காற்றில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தாள்.

அன்றிலிருந்து ராக்கியப்பன் சட்டத்துக்கு அவளைப்போல் காவல்காரி யாரும் இல்லை. நாய் வந்தால் விரட்டினாள். மில்லுக்கு வருகிறவர்களைத் தாண்டச் சொல்லிப் பின்னாலேயே வந்து பார்த்தாள். மேகம் கூடினால் காலடியை மூடக் கோதுமைச் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும் ஒரு மணையைப் போட்டுக்கொண்டு அந்தக் காலடிக்கு எதிரே உட்கார்ந்து, பெல்ட் அறுந்ததை, சோள மாவு நைசாக இல்லையென்று சண்டை போட்டவளை, எல்லாவற்றையும் சொன்னாள். இருக்கும்போது இத்தனை பேசியதில்லை, இருந்திருந்தால் கேட்டிருப்பாரா என்பதும் சந்தேகம்தான், பாதியில் எழுந்து சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார். இப்போது போக முடியாதே. நீ ஏன் அங்கே நின்றாய் என்று மட்டும் தினமும் கேட்டாள். ஓட்டிக்கொண்டே போகிற மனுஷன் ஓர் இடத்தில் நின்று காலை ஊன்றியிருக்கிறாரே, எதற்கு? நெஞ்சு அப்போதே வலித்ததா? வலித்துத்தான் நின்றாரா? அந்த நினைப்பு வந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், யாரும் நடக்காத தடம் தடமாக இருக்காது. முதலில் ஓரத்துப் புல் உள்ளே நகர்ந்தது. தார் ரோட்டுச் சூட்டில் மண் வெளுத்துப் பொரிந்தது, குருவிகள் அதில் புழுதிக் குளியல் போட்டன, கல்லெல்லாம் பிடிவிட்டு உருண்டு சாக்கடையில் விழுந்தது. வால் பக்கம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. பல்லுடைச்சான் பல் போன வாய் ஆயிற்று. தெருவில் படுத்துக்கொண்டிருக்கிற ஒரு சீக்காளியைப்போல, கேட்டுக்கு முன்னால் அதன் தலைமாடு மட்டும் கோகிலவாணியின் சாக்குக்கு அடியில் கொஞ்சம் சிவப்பாக இருந்தது. ஊர் அதையும் பழகிக்கொண்டது, பாவம் என்றது, தாண்டிப் போயிற்று.

கரட்டில் நிலைமை வேறு. தடம் எழுந்து வந்த இடத்தில் உச்சியிலிருந்து அடிவாரம்வரை பிளந்த வாய் மாதிரி ஒரு பள்ளம் கிடந்தது. தடத்தோடு, தெய்வசிகாமணி தண்ணீர் விலகட்டும் என்று குறுக்கே பதித்த கல்வரிசையும் எழுந்து வந்துவிட்டதல்லவா. ஐப்பசியில் மேற்கே இடித்துப் பெய்த முதல் மழைத் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் நேராக இறங்கி, கரட்டடிக் காலனிக்குள் சேறும் கல்லுமாகப் புகுந்தது. ஊருக்குள் ஒரு சொட்டு விழவில்லை, காலனியில் முழங்கால் சேறு. ஜாபர் வீட்டுச் சமையலறைச் சுவர் சாய்ந்தது. நல்ல வேளையாக அவன் பெண்டாட்டி பிள்ளைகள் கூடத்தில் இருந்தார்கள்.

மறுநாள் காலில் சேறு காயாமல் ஜாபர் மில்லுக்கு வந்தான். சுற்றி வளைத்தெல்லாம் அவனுக்குப் பேசத் தெரியாது. கமிட்டி விசாலம்மாவே இறங்கி வந்துவிட்டதையும், ஈர நாளில் யாரும் ஓட்டுவதில்லை, மாதம் ஒரு முறை எல்லாரும் சேர்ந்து தடத்தைச் செப்பனிடுவது என்ற பேச்சில் சைக்கிள்களுக்குப் பூங்காவைத் திறந்துவிடச் சம்மதித்ததையும் சொன்னான். அடுத்த மழை எந்த நேரமும் வரலாம், அதற்குள் தடம் கரட்டுக்குத் திரும்பினால்தான் காலனி பிழைக்கும். எட்டுப் பேர் சேர்ந்து வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்களாம், அசையவில்லையாம். தடம் ஆள் போனால்தான் போகும், தலைமாட்டிலிருந்து ஒருத்தர் ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்றான்.

கோகிலவாணிக்கு அவன் சொல்ல வருவது புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. எழுந்துபோய் வாசலில், சாக்குக்கு முன்னால் மறித்துக்கொண்டு நின்றாள். அவன் பிள்ளைகளை அவள் தூக்கி வளர்த்தவள், சுவர் இடிந்தது கேட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லையே என்று முதலில் கேட்டவளும் அவள்தான், அதற்காக? அவருடையதென்று மிச்சம் இருப்பதே இது ஒன்றுதான் என்று சொன்னாள். போட்டோவில் அவர் எந்நேரமும் விறைப்பாக நிற்கிறார், சட்டையில் வாசம் போய்விட்டது, இதுதான், இந்தக் கால்தான் அவரைப்போலவே இருக்கிறது என்றாள்.

ஒரு தரம் பார்த்துக்கொள்ளட்டுமா என்று ஜாபர் கேட்டான். அவள் அனுமதியோடு சாக்கை மெல்ல விலக்கிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி, இது பல்லுடைச்சானுக்கு மேல் வளைவுங்க. இங்க யாரும் நிக்க மாட்டாங்க, பிரேக் புடிச்சா வழுக்கிரும். அண்ணனே எங்களத் திட்டுவாரு, அங்க மட்டும் நிக்காதீங்கடான்னு."

"அப்பறம் எதுக்குத் தம்பி நின்னாரு?"

"தெரியலீங்க அண்ணி. அங்க போய் நின்னு பாத்தாத்தான் தெரியும்."

அன்று முழுக்க மில் ஓடவில்லை. அவள் மணையில் உட்கார்ந்திருந்தாள், மேற்கே கருக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தாள், காலனிப் பெண்கள் பிள்ளையும் பாத்திரமுமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிப் போவதைப் பார்த்தாள், ஒவ்வொருத்தியும் அந்த அவசரத்திலும் தடத்தை மிதிக்காமல் குறுக்கே தாண்டிப் போனதையும் பார்த்தாள். அவர்கள் தாண்டியது அவளுக்காக என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் அவளை ஏதோ செய்தது.

விடிந்ததும் ஜாபருக்குச் சொல்லி அனுப்பினாள். சைக்கிள் விடத் தெரிந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள், தலைக்கவசமும் மண்வெட்டியுமாக, யார் முதலில் ஏறுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க யாரும் வேண்டாம்," என்றாள் கோகிலவாணி. "அழிக்கிறதா இருந்தா நாந்தான் அழிக்கோணும்."

தெய்வசிகாமணியின் சைக்கிளைப் பின்கட்டிலிருந்து அவளே உருட்டி வந்தாள். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவள்தான், ஆனால் இந்த சீட் அவர் உயரத்துக்கு இருந்தது. ஜாபர் ஸ்பேனரை எடுத்தபோது வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள். ஏறிப் பார்த்தாள், கால் எட்டவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரி, இறக்குங்க தம்பி என்றாள். எதிர்வீட்டிலிருந்து ராக்கியப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, அம்மிணி, நெடுக விட்டீன்னா பாத்தியமாயிரும், நான் கடைசிவரைக்கும் விடமாட்டேன் என்று மறித்தார். எனக்கு எந்தப் பாத்தியமும் வேண்டாம் மாமா, வந்தவங்களக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தர்றேன், அவ்வளவுதான் என்றாள் அவள். அவர் என்ன நினைத்தாரோ, கேஸ் போட்ட தம்பியை நினைத்தாரோ, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அவள் காலடியைத் தொடாமல் ஒதுக்கி, டயர் அச்சின்மேல் டயரை வைத்து, பெடலை மிதித்தாள். மிதித்ததும் அவளுக்குக் கீழே மண் ஒரு தரம் சிலிர்த்தது, பின்னால் தலைமாடு எழுந்தது, எழுந்து அவள் பின்னாலேயே வந்தது, அவள் தெற்கு வீதியைத் தாண்டினாள், பல் போன பல்லுடைச்சானில் தடதடவென்று ஏறி இறங்கினாள், சாக்கடையில் விழுந்த கல்லெல்லாம் உருண்டு ஏறித் தங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டன, மாமியார் மேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வழிவிட்டார்கள், அவள் வங்கியைத் தாண்டினாள், பஸ் நிறுத்தத்தைத் தாண்டினாள், மண் இறுக இறுக மறுபடி கட்டம் கட்டமாக முன்னால் தெரிந்த அவர் அச்சு ஒவ்வொரு சுற்றிலும் அவள் சக்கரத்துக்கு அடியில் போய்க் காணாமல் போயிற்று, போகட்டும் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள், மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது, இப்படியா இந்த மனுஷன் ஞாயிறு ஞாயிறாக வந்து கஷ்டப்பட்டார் என்று ஒரு பக்கம் சிரிப்புகூட வந்தது. பூங்காவின் ஊஞ்சலைத் தாண்டி, பாறாங்கல்லை நகர்த்திவிட்டு நின்ற விசாலம்மாவைத் தாண்டி, பிளந்து கிடந்த பள்ளத்துக்குள் தடம் அவளோடு சேர்ந்து ஏறிப் படுத்துக்கொண்டே போனது, வளைவுக்கு வளைவு, கல்வரிசைக்குக் கல்வரிசை, உறையில் தலையணை போகிற மாதிரி அத்தனை சரியாக.

மேல் வளைவில் அவளால் முடியவில்லை, நின்றாள். பின்னாலேயே வந்த தலைமாடு சுற்றிக்கொண்டு வந்து அவள் சக்கரத்துக்குக் கீழே அடங்கியது. அந்தக் காலடி அவள் இடது பக்கத்தில் இருந்தது. சைக்கிள் சாய்ந்தது, ஊன்றித்தான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. ஊன்றினாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

தலையை நிமிர்த்தியபோது மரங்களுக்கு நடுவில் ஒரு சந்து தெரிந்தது. அந்த ஒரு இடத்திலிருந்து மட்டும், ஓர் அடி முன்னால் போனாலும் மறைந்துவிடுகிற மாதிரி, தெற்கு வீதியின் கடைசி, மில்லின் தகரக் கூரை, அதன் பின்னால் அவள் வீட்டு மொட்டை மாடி. அன்றைக்குத் தூறல் போட்டபோது அவள் அந்த மாடியில்தான் இருந்தாள், காயப்போட்ட மிளகாயை அள்ள ஓடி, அள்ளி முடித்து, சரி நனைந்தது நனைந்ததுதான் என்று முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு மழையில் சும்மா நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு வலித்து நின்றதில்லை. வலித்து இல்லவே இல்லை. ஈரத்தில் ஓட்டாதவர் ஓட்டி, நிற்கக் கூடாத இடத்தில் நின்று, பார்த்திருக்கிறார்.

கோகிலவாணி மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணிக்கொடி ஆடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தபோது அங்கே ஆள் இருந்தது, இப்போது ஆள் இல்லை. இத்தனை மாதமும் வராத அழுகை அப்போது வந்தது, வாயைவிட்டே அழுதாள்.

கீழே வளைவில், பின்தொடர்ந்து ஏறிவந்த ஜாபரும் மற்றவர்களும் காலை ஊன்றிக் காத்திருந்தார்கள், ஒருவரும் மணியடிக்கவில்லை. மேற்கே இடி இடித்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சைக்கிளை ஓரமாக இழுத்துப் புல்லில் சாய்த்துவிட்டு, வருகிறவர்களுக்குத் தடம் விட்டாள்.